விடுதியில் ஓர் இடம்

உரைநடை – பாடம் 6

கற்றல் நோக்கங்கள்

- விடுதியில் உடனுறைவோர்க்கு உதவும் மாணவத் தலைவரின் கடமைகளை அறிதல்.
- கொல்கத்தாவின் பழைய மாணவர் விடுதிகள் இரண்டின் வரலாற்றுச் செய்திகளைப் படித்து உணர்தல்.
- வினையாலணையும் பெயரை இனங்கண்டு பயன்படுத்துதல்.

நுழையும்முன்

ஊர்விட்டு ஊர் வந்தவர்க்கு முதலில் வேண்டுவது உண்ணவும் உறங்கவும் ஓர் இடம். அடுத்து வேண்டுவது, 'நீயும் எங்களுள் ஒருவன்' என்று கூறும் ஒரு குரல். பள்ளிக் கல்வியை முடித்துக் கல்லூரிக்குச் செல்லும் மாணவர் பலர் இவ்விரண்டையும் விடுதியில் தேடுகின்றனர். அவர்களுக்கு அக்குரலாக விளங்க வேண்டியவர் யார்? நாம் வாழும் கொல்கத்தாவின் இரண்டு பழைய விடுதிகள் அதற்கு விடை கூறுகின்றன.

மாணவர் நகரம்

கொல்கத்தாப் பல்கலைக்கழகம் 1857 ஆம் ஆண்டு தோன்றியது. அதன்பின் வங்காளத்தின் சிற்றூர்களிலிருந்தும், பீகார், ஒடிசா, அசாம் ஆகிய பகுதிகளிலிருந்தும் மாணவர்கள் இந்நகரை நாடி வந்தனர். ஒரு தகரப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள், வீட்டார் கொடுத்தனுப்பிய சிறிது பணம் ஆகியவையே அவர்களுள் பலருக்கு உடைமை. உறவினர் இல்லாதோர் விடுதிகளில் தங்கினர். விடுதியில் இடம் கிடைக்காதோர் 'மெஸ்' எனப்படும் கூட்டுத் தங்குமனைகளில் அறை எடுத்துக்கொண்டனர்.

மெஸ் வாழ்க்கையில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. பல மெஸ்களில் உறைவோரே மாதத்திற்கு ஒருவராக மேலாளர் பொறுப்பை ஏற்றனர். அம்மாத மேலாளர் விடியற்காலையில் கடைத்தெருவிற்குச் சென்று மீனும் காய்கறியும் வாங்குவார். வரவு செலவை எழுதிவைப்பார். மாத இறுதியில் கணக்கை அனைவர்முன்னும் வைப்பார். அடுத்த மாதம் அவரும் மற்றவரைப்போல் ஓர் உறைவோரே. அதிகாரம் செய்வதற்காக அன்றி, அனைவர்க்கும் சோறு கிடைப்பதற்காகவே அப்பொறுப்பு ஏற்பட்டது. விடுதித் தலைமை என்பதன் அடிப்படைப் பொருளும் இதுவேயாகும்.

இடம் மறுக்கப்பட்டவர்

கல்லூரித் தெருவை அடுத்து அமைந்தது ஈடன் இந்து விடுதி. பிரசிடென்சி கல்லூரி மாணவர்கள் தங்குவதற்காக 1886 இல் ஏற்பட்ட இவ்விடுதி, வங்காளத்தின் துணைநிலை ஆளுநராக இருந்த ஆஷ்லி ஈடனின் பெயரைத் தாங்கியது. 1911 ஆம் ஆண்டு அவ்விடுதிக்கு மேகநாத் சாகா என்னும் மாணவர் வந்து சேர்ந்தார்.

டாக்காவிற்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில், 1893 இல், சிறு மளிகைக் கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் சாகா. அவருடைய ஊரில் தொடக்கப் பள்ளிக்கு மேல் பள்ளி இல்லை. ஆகவே சிறுவயதிலேயே வேற்றூரில் ஒரு மருத்துவரின் இல்லத்தில் தங்கிப் பயின்றார். உண்ட தட்டைத் தாமே கழுவிக்கொள்ள வேண்டும், வீட்டுப் பசுவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பன அங்குத் தங்குவதற்கான நிபந்தனைகள். இவ்வாறு இடர்ப்பட்டு முன்னேறியவர், வங்காளத்தின் தலைசிறந்த கல்லூரியில் இடம் பெற்றார். சகதீச சந்திர போசும் பிரபுல்ல சந்திர ராயும் அவருடைய ஆசிரியர்கள்; சத்தியேந்திரநாத் போசு அவருடைய வகுப்புத் தோழர்.

வகுப்பறையில் இடம் கிடைத்த அவருக்கு உணவுக் கூடத்தில் இடம் கிடைக்கவில்லை. சாகா பிறந்த சாதியைக் காரணமாகக் காட்டி, அவரோடு ஒரே கூடத்தில் அமர்ந்து உண்ண மாணவர் சிலர் மறுத்தனர். நாள்தோறும் இருமுறை, உண்ணும் வேளையில், ஓர் இளைஞர் இந்த அவமதிப்பைச் சந்திக்க நேர்ந்தது. இறுதியில் அவர் விடுதியை விட்டு நீங்கி, நண்பர் சிலரோடு ஒரு மெஸ்ஸில் தங்கிப் படிப்பைத் தொடர்ந்தார்.

அவரே பின்னாளில், விண்மீன்களின் ஒளியைக் கொண்டு அவற்றின் வெப்பநிலையை அறிய உதவும் சாகா சமன்பாட்டை 1920 இல் வெளியிட்டு உலகப் புகழ் பெற்றார். 1952 இல் கொல்கத்தாவிலிருந்து மக்களவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

சாகா அறிஞரானமையால் இந்நிகழ்ச்சியை வரலாறு குறித்துவைத்தது. ஆயின் அவர் புகழ் பெறாமல் போயிருந்தாலும் அவருக்கு இழைக்கப்பட்டது தீங்கே. அக்கூடத்தில் வெறுத்தவர் சிலரே இருந்திருக்கலாம். கண்டும் காணாதவர்போல் உண்டு எழுந்தவர் பலர் இருந்திருப்பர். அவர்களுள் ஒரு மூத்த மாணவர், "இவர் என் அருகில் அமர்வார்" என்று கூறியிருந்தால், சாகா அவ்விடத்தை விட்டு நீங்க வேண்டியிருந்திராது.

இடம் தந்தவர்

கல்லூரித் தெருவிற்குத் தெற்கே, தால்தலாப் பகுதியில் சுமித் சந்து என்னும் சிறு தெரு உள்ளது. அங்கு 1910 இல் ஏற்பட்டது பேக்கர் விடுதி. இசுலாமிய மாணவர்கள் தங்கிய இவ்விடுதியின் 24 ஆம் எண் அறையில், 1942 முதல் சில ஆண்டுகள் வாழ்ந்தவர் சேக் முஜிபுர் ரகுமான். கிழக்கு வங்காளத்தின் துங்கிபாரா என்னும் ஊரிலிருந்து வந்து, இசுலாமியா கல்லூரியில் பயின்றவர் அவர். அக்கல்லூரி இன்று மௌலானா ஆசாத் கல்லூரி எனப்படுகிறது. 1971 இல் வங்காளதேசம் விடுதலை பெறுவதற்கு வழிகாட்டிய தலைவரும் அவரே.

முஜிபுர் அரசியலில் பேரார்வம் கொண்டவர். 1946 இல் கல்லூரி மாணவர் சங்கத்தின் பொதுச்செயலாளராகவும் இருந்தார். எனினும் விடுதியில் அவர் செய்த பணிக்குப் பதவி தேவைப்படவில்லை. எந்த மாணவருக்கு என்ன இடர்ப்பாடு, எவருக்கு விடுதியில் இடம் கிடைக்கவில்லை, எவரால் கட்டணம் செலுத்த இயலவில்லை என்பவற்றை அவர் கேட்டறிவார். கேட்டதும் கல்லூரி முதல்வர் சுபேரியிடம் சென்று நிற்பார். நியாயமற்ற கோரிக்கை எதையும் தாம் கொண்டுசென்றதில்லை என்றும், அதனாலேயே ஆசிரியர்கள் தம் சொல்லுக்குச் செவிசாய்த்தனர் என்றும் அவர் தம் தன்வரலாற்றில் குறிப்பிடுகிறார். அந்நூல் 2012 இல் வெளிவந்தது.

விடுதியில் இடம் கிடைக்கும்வரை ஒரு புதிய மாணவர் எங்கே தங்குவார்? முஜிபுரின் அறையே அவருக்குத் தங்குமிடம். அவ்வறையில் அவருடைய படுக்கையில் எப்போதும் யாரேனும் ஒரு மாணவர் தங்கியிருந்தார். விடுதிக் கண்காணிப்பாளரும் இதனை அறிந்திருந்தார். தமக்கென இருந்த சிறிய இடத்தைப் பிறர்க்குத் தந்துவிட்டே, பிறர்க்காக முதல்வரிடம் இடம் கேட்டார் என்பது இங்குக் கருதத்தக்கது.

அக்கல்லூரியில் ஏழை மாணவர்க்கென ஒரு நிதி இருந்தது. அதனைப் பேணியவர் நாராயண் பாபு என்னும் அறிவியல் ஆசிரியர். மாணவர்கள் அனைவரும் இசுலாமியர். நிதியைக் காத்தவரோ இந்து. மாணவர் தந்த பணத்தோடும் அரசு தந்த பணத்தோடும் நில்லாமல், இரு சமயத்தைச் சார்ந்த வள்ளல்களிடமும் அவர் நன்கொடை திரட்டினார். முஜிபுர் கலைப்பிரிவு மாணவர். அவருடைய அரசியலை நாராயண் பாபு நன்கு அறிந்தவர். ஆயினும் அம்மாணவரிடம் அவர் மிகுந்த அன்பு கொண்டிருந்தார். அவரைச் சமயம் கடந்த உண்மையான ஆசிரியர் என முஜிபுர் போற்றுகிறார்.

1943 இல் வங்காளத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. பல இலட்சம் மக்கள் மடிந்தனர். சிற்றூர்களை விட்டு வந்தோர் கொல்கத்தாவின் தெருக்களில் கஞ்சிக்கு ஏங்கி நின்றனர். பேக்கர் விடுதி மாணவர்கள் பகலிலும் இரவிலும் தாங்கள் உண்டபின் எஞ்சிய உணவைப் பசித்தோரை அமரச் செய்து பகிர்ந்தளித்தனர். முஜிபுர் படிப்பை ஒதுக்கிவைத்துக் கஞ்சித்தொட்டிப் பணிகளில் ஈடுபட்டார். விடுதியின் உணவு முழு நகரின் பசியைத் தீர்க்காது என்பதை அவர்கள் அறிந்தே இருந்தனர், அறிந்தும் செய்தனர்.

இன்று அவ்விடுதியின் 23, 24 ஆம் எண் அறைகள் முஜிபுரின் நினைவிடமாகப் பேணப்படுகின்றன.

மாணவத் தலைவரின் மூன்று பண்புகள்

இவ்விரு வரலாறுகளிலிருந்து, விடுதியில் பிறர்க்குத் துணையாக விளங்கும் மாணவத் தலைவருக்கு வேண்டிய பண்புகளை அறியலாம்.

முதலாவது, *கவனித்தல்*. உதவி தேவைப்படுவோர் பெரும்பாலும் வாய்திறந்து கேட்பதில்லை. உணவு வேளையில் இரண்டு நாளாகக் காணப்படாதவர், இரவில் விளக்கணைத்து விழித்திருப்பவர், வீட்டிலிருந்து தொலைபேசி வந்தபின் முகம் வாடுபவர் ஆகியோரைக் காணும் கண் தலைவருக்கு வேண்டும். மொழி தெரியாமையால் ஒதுங்கி நிற்பவரும் அத்தகையவரே. தமிழ்நாட்டிலிருந்து கொல்கத்தாவிற்குப் படிக்க வரும் மாணவருக்கு வங்கமொழியில் நான்கு சொற்களைக் கற்பித்து, கடைத்தெருவிற்கு உடன் செல்வதும் பெரிய உதவியேயாகும்.

இரண்டாவது, *நேர்மை*. தம் நண்பருக்கு நல்ல அறை, தம் ஊராருக்கு முதல் இடம் என்று நடப்பவரின் சொல்லை எவரும் மதியார். முறையானதை மட்டும் கேட்டமையாலேயே முஜிபுரின் சொல்லுக்கு மதிப்பு ஏற்பட்டது. கணக்கை அனைவர்முன்னும் வைத்தமையாலேயே மெஸ் மேலாளரிடம் பிறர் பணத்தைக் கொடுத்தனர்.

மூன்றாவது, *எல்லை அறிதல்*. மாணவத் தலைவர் மருத்துவரும் அல்லர், நீதிபதியும் அல்லர். காய்ச்சல் கண்டவருக்குக் கஞ்சி கொண்டுவரலாம்; காய்ச்சல் தணியவில்லையெனில் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். நண்பர் மனம்விட்டுக் கூறியதைப் பிறரிடம் பரப்புதல் கூடாது. ஆயின், அவருடைய உயிருக்கோ உடலுக்கோ இடர் நேரும் என்று தோன்றினால், அதனை மறைத்து வைத்தல் நட்பாகாது. உடனே விடுதிக் காப்பாளரிடம் கூறுதலே கடமை. முஜிபுரும் தம்மால் இயன்றதைத் தாமே செய்தார். இயலாததை முதல்வரிடம் கொண்டுசென்றார்.

இன்றைய நிலை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விடுதியின் ஒவ்வொரு தளத்திலும் ஒரு மூத்த மாணவர் இப்பணிக்கென அமர்த்தப்படுகிறார். அவருக்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது. தங்கும் கட்டணமும் பெரும்பாலும் தள்ளுபடி செய்யப்படுகிறது. இந்தியக் கல்லூரி விடுதிகளில் விடுதிச் செயலாளர், உணவுக்குழுச் செயலாளர் போன்ற பொறுப்புகளை மாணவர்கள் ஏற்கின்றனர்.

இப்பொறுப்பின் இன்றியமையாமையை உணர்த்தும் துயரச் செய்தி ஒன்றும் உண்டு. 2023 ஆகத்து மாதம், கொல்கத்தாவிலுள்ள பல்கலைக்கழக விடுதி ஒன்றில், வகுப்பில் சேர்ந்த சில நாள்களிலேயே முதலாமாண்டு மாணவர் ஒருவர் உயிரிழந்தார். பகடிவதைக் குற்றச்சாட்டின்பேரில் மாணவர் சிலர் கைது செய்யப்பட்டனர். மூத்த மாணவர் ஒருவர் உரிய நேரத்தில் குரல் கொடுத்தால் எத்தகைய இழப்பைத் தவிர்க்க இயலும் என்பதை இந்நிகழ்ச்சி நாடு முழுவதும் எண்ணச் செய்தது.

பகடிவதை விளையாட்டன்று, அது குற்றம். தமிழ்நாடு 1997 இலும், மேற்கு வங்காளம் 2000 இலும் அதனைத் தடைசெய்து சட்டம் இயற்றின. உச்சநீதிமன்ற ஆணையின்படி அமைந்த ஆர்.கே. இராகவன் குழு 2007 இல் அறிக்கை அளித்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2009 இல் விதிமுறைகளை வெளியிட்டது. அவற்றுள் ஒன்று சிறப்பாகக் கருதத்தக்கது. புதிய மாணவர் அறுவருக்கு ஒரு மூத்த மாணவர் வழிகாட்டியாக இருத்தல் வேண்டும். அவ்வழிகாட்டிகள் அறுவருக்கு அவர்களினும் மூத்த ஒருவர் வழிகாட்டியாக இருத்தல் வேண்டும். அறுவர் என்பது ஒருவரால் பெயர் அறிந்து, முகம் அறிந்து, நாள்தோறும் நலம் உசாவக்கூடிய எண்ணிக்கை.

விதிமுறை அறுவருக்கு ஒருவரை அமர்த்தும். ஆயின் உணவுக் கூடத்தில் வெற்றிடத்தைக் கண்டு, "அவர் ஏன் இன்னும் வரவில்லை?" என்று கேட்கும் மனத்தை விதிமுறையால் தர இயலாது. அதனை மாணவரே வளர்த்துக்கொள்ள வேண்டும்.

அதற்குக் கல்லூரி செல்லும்வரை காத்திருத்தல் வேண்டா. நடுவண் அரசுப் பள்ளிகளில், பெற்றோரின் பணிமாற்றத்தால் ஆண்டின் இடையில் புதிய மாணவர் வந்து சேர்வது வழக்கம். கதவருகே பையுடன் நிற்கும் அம்மாணவருக்கு எந்த இருக்கையில் அமர்வது என்று தெரியாது. அவ்வேளையில் சற்று நகர்ந்து அமர்ந்து இடம் தருபவரே, நாளை விடுதியில் பிறர்க்குத் துணையாகும் தலைவர்.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவின் முதல் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத்தும் ஈடன் இந்து விடுதியில் தங்கிப் பயின்றவரே. 1902 இல் கொல்கத்தாப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் முதலிடம் பெற்று, பீகாரிலிருந்து வந்து பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். 1906 இல் பீகார் மாணவர் மாநாடு தோன்றுவதற்கு அவர் காரணமாக விளங்கினார்.

சொல்லும் பொருளும்

உடனுறைவோர் – ஒரே இடத்தில் சேர்ந்து தங்குபவர்
இடர்ப்பாடு – துன்பம், தொல்லை
இழைத்தல் – செய்தல்
செவிசாய்த்தல் – கேட்டு ஏற்றல்
உசாவுதல் – விசாரித்தல்
எஞ்சிய – மீதமான
கஞ்சித்தொட்டி – பஞ்ச காலத்தில் இலவசமாகக் கஞ்சி வழங்கும் இடம்
பகடிவதை – புதிய மாணவரை மூத்த மாணவர் கேலி செய்து துன்புறுத்துதல் (ராகிங்)

மதிப்பீடு

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.

1. கொல்கத்தாப் பல்கலைக்கழகம் தோன்றிய ஆண்டு ________.
2. மேகநாத் சாகா தங்கிய விடுதி ________.
3. ஏழை மாணவர் நிதியைப் பேணிய அறிவியல் ஆசிரியர் ________.
4. புதிய மாணவர் ________ பேருக்கு ஒரு மூத்த மாணவர் வழிகாட்டியாக இருத்தல் வேண்டும்.

ஆ. பிரித்து எழுதுக.

1. முதலாமாண்டு = ________ + ________
2. உடனுறைவோர் = ________ + ________
3. வெற்றிடம் = ________ + ________

இ. குறுவினா

1. மெஸ் மேலாளரின் பணிகள் யாவை?
2. சாகா விடுதியை விட்டு நீங்கியது ஏன்?
3. முஜிபுரின் சொல்லுக்கு ஆசிரியர்கள் மதிப்பளித்தமைக்குக் காரணம் யாது?

ஈ. சிறுவினா

1. மாணவத் தலைவருக்கு வேண்டிய மூன்று பண்புகளை விளக்குக.
2. பஞ்ச காலத்தில் பேக்கர் விடுதி மாணவர்கள் செய்த பணியை எழுதுக.

உ. சிந்தனை வினா

1. நண்பர் ஒருவர் தம் துன்பத்தைக் கூறி, "இதனை யாரிடமும் சொல்லாதே" என்கிறார். எத்தகைய செய்தியை நீ காப்பாய்? எத்தகைய செய்தியை ஆசிரியரிடம் கூறுவாய்? காரணத்துடன் எழுதுக.
2. உணவுக் கூடத்தில் தீங்கு செய்தவரோடு, கண்டும் வாளா இருந்தவருக்கும் பொறுப்பு உண்டா? உன் கருத்தை எழுதுக.

ஊ. இலக்கணம் அறிவோம்

*வந்தவர்* என்னும் சொல், வருதல் என்னும் வினையையும் அதனைச் செய்தவரையும் ஒருங்கே உணர்த்துகிறது. இவ்வாறு வினையைச் செய்தவருக்குப் பெயராக அமையும் சொல் *வினையாலணையும் பெயர்* எனப்படும்.

எடுத்துக்காட்டு: இடம் *தந்தவர்* முஜிபுர்.

பாடத்திலிருந்து வினையாலணையும் பெயர்கள் ஐந்தனை எடுத்தெழுதி, ஒவ்வொன்றையும் சொந்தத் தொடரில் அமைக்க.

எ. கற்பவை கற்றபின்

1. உன் பெற்றோரோ உறவினரோ ஊர்விட்டு வந்து முதன்முதலில் கொல்கத்தாவில் எங்குத் தங்கினர், அவர்களுக்கு உதவியவர் யார் என்பதைக் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.
2. இவ்வாண்டு உன் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த மாணவர் ஒருவருக்குப் பள்ளியின் நூலகம், உணவிடம், மருத்துவ அறை ஆகியவற்றைக் காட்டுக. அவர் முதலில் அறிய விரும்பியவை எவை எனக் குறித்துவந்து வகுப்பில் பகிர்க.